ஒட்டாத முனை

எங்கள் நிலையத்தின் கன்ட்ரோல் ரூம் சுவரில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. இரண்டும் ஏ1 அளவு, இரண்டும் லேமினேஷன் போட்டவை. சாயப்பட்டறைகளிலிருந்து வரும் கழிவுநீர் எங்கே நுழைகிறது, எந்தெந்தத் தொட்டி வழியாகப் போகிறது, கடைசியில் எங்கே நல்ல தண்ணீராகத் திரும்புகிறது என்று காட்டும் படம்தான் இரண்டுமே. இடது பக்கம் இருப்பது பழையது. அதில் ஒரு கோட்டைக் கறுப்பு மார்க்கரால் அடித்துவிட்டு, பக்கத்திலேயே கையால் இன்னொரு கோடு இழுத்து, நுனியில் பெரிதாக ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறது. போட்டவர் எங்கள் சீனியர் ஆபரேட்டர். தப்பான கோட்டோடு அந்தப் படத்தை அச்சுக்கு அனுப்பியவன் நான்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் வரைந்த படத்தை, ஓர் இலவச மென்பொருளில் திறந்து திருத்தினேன். இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. யாரிடம் சொன்னாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "இலவச மென்பொருளை வைத்து வேலை பார்த்தால் இப்படித்தான், ஒரு லைசென்ஸ் வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே" என்பது ஒன்று. "அந்தக் கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றேதான் கோப்பை இப்படிப் பூட்டி வைக்கிறார்கள்" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் என் கண் முன்னால் நடந்தது இரண்டிலும் அடங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நாள் கழித்தும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு திருப்பூரில் என்னவெல்லாம் நடந்தது என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொட்டுக் கழிவுகூட நொய்யல் ஆற்றுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையில்தான் எங்களுடையது மாதிரியான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. அங்கே எனக்குக் கம்ப்யூட்டர் வேலையும் ஆவண வேலையும். கணக்குப் பிரிவைத் தவிர மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாமே உபுண்டு, லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள்களில் ஓடுகின்றன. கடிதம், லாக் ஷீட், மாதாந்திர அறிக்கை எதற்கும் அதில் குறை வந்ததில்லை. சிக்கல் வந்தது படத்தில்தான்.

கூலிங் டவர் வந்த கதை

பட்டறைகளிலிருந்து வரும் சாயக்கழிவு சூடாக வரும். காற்றை ஊதிவிடும் ஏரேஷன் டேங்கில் அழுக்கைத் தின்கிற பாக்டீரியாவுக்கு அந்தச் சூடு ஆகாது. அதனால், வரும் கழிவையெல்லாம் முதலில் சேர்த்துக் கலக்கும் ஈக்வலைசேஷன் டேங்குக்கும் ஏரேஷன் டேங்குக்கும் நடுவில் புதிதாக ஒரு கூலிங் டவர் கட்டினார்கள். கட்டி முடித்ததும் சுவரில் இருந்த படம் பழசாகிப் போனது. "புதுப் படம் ஒண்ணு போட்டுருங்க" என்றார் மேனேஜர் சார். மூலக் கோப்பு எங்களிடம் இருந்தது. முன்பு வேலை செய்து கொடுத்த ஆலோசனை நிறுவனம் பிடிஎஃப்போடு, விசியோ என்ற படம் வரையும் மென்பொருளின் விஎஸ்டிஎக்ஸ் கோப்பையும் கொடுத்திருந்தது. எங்களிடம் விசியோ கிடையாது. லிப்ரே ஆபீஸில் படம் வரையும் பகுதியான டிராவில் திறந்தேன். திறந்தது.

திறந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. தொட்டிகள் அதனதன் இடத்தில், நிறங்கள் சரியாக, பம்புகளின் வட்டக் குறிகள்கூட அப்படியே வந்திருந்தன. எழுத்துரு மட்டும் மாறி, சில பெயர்கள் பெட்டிக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நின்றன. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூலிங் டவருக்கு இடம் பண்ண, ஏரேஷன் டேங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன். டேங்க் மட்டும் நகர்ந்தது. அதோடு சேர்ந்திருந்த ஒரு கோடும் கூட வரவில்லை. எல்லாக் கோடுகளும் பழைய இடத்திலேயே நின்றன, வீடு காலி செய்த பிறகும் பழைய முகவரிக்கே வரும் தபால் மாதிரி.

டிராவிலும் இணைப்புக்கோடு என்று ஒன்று உண்டு. பெட்டியோடு ஒட்டினால் பெட்டி போகும் இடமெல்லாம் கூடவே போகும். ஆனால் எனக்கு வந்த கோப்பில் எந்தக் கோடும் இணைப்புக்கோடாக வரவில்லை. எல்லாமே வெறும் கோடுகள். விசியோவில் எது எதோடு ஒட்டியிருந்தது என்ற விஷயம் திறக்கும்போதே உதிர்ந்துபோய், பார்வைக்கு இருந்த படம் மட்டும் மிஞ்சியது. சரி, கையாலேயே இழுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாற்பத்து சொச்சம் கோடுகள். ஒவ்வொன்றாக முனையைப் பிடித்துப் புது இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து, சாயங்காலம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் முடித்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன், எங்கேயும் இடைவெளி தெரியவில்லை. அச்சுக்கு அனுப்பினேன்.

படம் மாட்டிய அன்று காலை, சீனியர் ஆபரேட்டர் அண்ணன் டீ டம்ளரோடு வந்து அதன் முன்னால் நின்றார். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் இந்த நிலையத்தில் எந்த வால்வை எத்தனை சுற்றுத் திருப்பினால் எத்தனை நிமிடத்தில் என்ன ஆகும் என்று சொல்லக்கூடியவர். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏந்தம்பி, ரிட்டர்ன் ஸ்லட்ஜு கூலிங் டவருக்குங்களா போகுது?"

அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். தண்ணீரைத் தெளியவிடும் கிளாரிஃபையர் தொட்டியின் அடியில் படியும் சேறான ஸ்லட்ஜில் ஒரு பங்கைத் திருப்பி ஏரேஷன் டேங்குக்கே அனுப்ப வேண்டும். அதில்தான் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது. அது திரும்பி வராவிட்டால் ஏரேஷன் டேங்க் கொஞ்சம் கொஞ்சமாக வெறும் தண்ணீராகிவிடும். படத்தில் அந்தக் கோடு கிளாரிஃபையரில் கிளம்பி, மேலே ஏறி, இடது பக்கம் திரும்பி, ஏரேஷன் டேங்க் முன்பு இருந்த இடத்தில் முடிந்தது. அந்த இடத்தில் இப்போது நான் வரைந்த கூலிங் டவர் இருந்தது. அம்பு நுனி அதன் விளிம்பை அவ்வளவு நேர்த்தியாகத் தொட்டுக்கொண்டு நின்றது. நாற்பது கோடுகளைச் சரிபார்த்த என் கண்ணுக்கு அது சரியான கோடாகவே பட்டிருக்கிறது. எங்கேயும் இடைவெளி இல்லையே.

"கூலிங் டவருல ஸ்லட்ஜு ஏறுனா நாசில் பூரா அடைச்சுக்குமுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "எங்களுக்குத் தெரியும், பரவால்லீங்க. இந்தப் பீகார் பசங்க தமிழ் படிக்க மாட்டாங்க. அம்புக்குறியைப் பாத்துத்தான் கத்துக்கறாங்க." ராத்திரி ஷிஃப்டில் பாதிப் பேர் பீகார், ஒடிசாப் பையன்கள். பெட்டிக்குள் நான் தமிழில் எழுதி வைத்திருக்கும் பெயர்கள் அவர்களுக்கு வெறும் கோலம். கோடும் அம்பும்தான் அவர்கள் படிக்கும் மொழி. மேஜை மேலிருந்த மார்க்கரை எடுத்து, அண்ணனே கோட்டை அடித்துச் சரி பண்ணினார்.

இறக்குமதி வரைக்கும் வந்து நின்ற வழி

முதல் கோபம் லிப்ரே ஆபீஸ் மேல்தான் வந்தது. அது நியாயமில்லை என்று கொஞ்ச நாளில் தெரிந்துகொண்டேன். விசியோ 1992இல் அமெரிக்காவின் சியாட்டிலில், ஷேப்வேர் என்ற சின்ன நிறுவனத்திலிருந்து வந்தது. 2000இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. அதன் அருமை என்னவென்றால், ஒவ்வொரு வடிவத்துக்கும் அடியில் ஒரு கணக்குத்தாள் ஓடுகிறது. ஷேப்ஷீட் என்பார்கள். பெட்டியின் அகலம், உயரம், இருக்கும் இடம் எல்லாம் அதில் ஒவ்வொரு செல். கோட்டின் முனை எங்கே இருக்க வேண்டும் என்பதும் அதே மாதிரி ஒரு செல்லில் சூத்திரமாக இருக்கும். "அந்தப் பெட்டி எங்கேயோ நான் அங்கே" என்கிற மாதிரியான சூத்திரம். கோடு பெட்டியோடு போவது இந்தக் கணக்கால்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் இப்படி யோசித்தவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் விசியோவின் பழைய கோப்பு வடிவமான விஎஸ்டியில் வெளியாட்கள் படிக்க முடியாத பைட்டுகளாகக் கிடந்தது. வேர்டு, எக்செலின் பழைய கோப்புகளுக்கு விவரக்குறிப்பு வெளியானதுபோல இதற்கு வெளியாகவில்லை. வாலெக் ஃபிலிப்போவ், ஃப்ரித்ரிக் ஸ்ட்ர்பா, அப்புறம் 2011இல் மாணவர்களுக்கான கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் மாணவியாகச் சேர்ந்த எய்லித் மெக்காடம் என்று சிலர் கோப்புகளைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்து, லிப்விசியோ என்ற நூலகத்தை எழுதினார்கள். 2012 பிப்ரவரியில் வந்த லிப்ரே ஆபீஸ் 3.5 முதன்முறையாக விசியோ கோப்பைத் திறந்தது. அடுத்த வருடம் வந்த 4.0, விசியோவின் முதல் பதிப்பிலிருந்து 2013 வரைக்கும் எல்லாவற்றையும் படித்தது. நான் அனுபவிக்கும் வசதிக்குப் பின்னால் இத்தனை பேருடைய கண் வலி இருக்கிறது. அவர்கள் முதலில் மீட்டது பார்வையை. படம் தெரிய வேண்டும், அதுதான் அவசரம். ஒட்டு அந்த வழியில் கூட வரவில்லை.

போகிற வழிதான் உண்டு, திரும்புகிற வழி இல்லை என்பது இன்னொரு வருத்தம். லிப்ரே ஆபீஸால் விசியோ கோப்பைத் திறக்க முடியும், விசியோ கோப்பாகச் சேமிக்க முடியாது. நான் திருத்திய படத்தை ஆலோசனை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் எஸ்விஜி என்ற பொதுவான பட வடிவமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அதை விசியோ வாங்கிக்கொள்ளும், ஆனால் அங்கே போகும்போதும் கோடு வெறும் கோடுதான். ஒவ்வொரு முறை எல்லை தாண்டும்போதும் படம் தப்பிக்கிறது, உறவு அறுகிறது.

இந்த இடத்தில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு பழைய காயம் ஞாபகம் வரும். எங்கள் அலமாரியில் இன்னும் பழைய விஎஸ்டி கோப்புகள் சில இருக்கின்றன. அதில் தொட்டிகளின் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல், ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாக நிற்கும். உண்மையில் கோப்புக்குள் இருப்பதே அந்த ஐந்து குறிகள்தான். தமிழ் கண்ணுக்கு மட்டும் காட்டிய வேஷம். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு வந்த பிறகுதான் கோப்புக்குள்ளும் தமிழே இருக்கத் தொடங்கியது. கண்ணுக்குச் சரியாகத் தெரிவதும் உள்ளே சரியாக இருப்பதும் வேறு வேறு என்பதை நம்மைவிட நன்றாகத் தெரிந்த சமூகம் உண்டா என்று தெரியவில்லை. அப்படியிருந்தும் கோட்டு விஷயத்தில் நான் கண்ணை மட்டும்தான் நம்பியிருக்கிறேன்.

ஜிப்பைப் பிரித்த ராத்திரி

கல்லூரியில் நான் டியா பயன்படுத்தினேன். 1998இல் அலெக்சாண்டர் லார்சன் ஆரம்பித்த, க்னோம் என்ற திறந்த மென்பொருள் திட்டத்தைச் சேர்ந்த படம் வரையும் மென்பொருள். அதன் கோப்பு சுருக்கி வைத்த எக்ஸ்எம்எல், அதாவது மனிதரும் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பு, மட்டும்தான். விரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே, இந்த முனை இன்ன பொருளோடு சேர்கிறது என்று ஒரு வரி இருக்கும். அந்த ஞாபகத்தில்தான், மார்க்கர் கோடு விழுந்த ஒரு வாரத்துக்குப் பிறகு, விஎஸ்டிஎக்ஸையும் பிரித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. 2013இல் வந்த இந்தப் புது வடிவம் பழைய விஎஸ்டி மாதிரி மூடிய பெட்டி கிடையாது. இதற்கான விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்டே வெளியிட்டிருக்கிறது. வேர்டு, எக்செலின் டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் எல்லாம் 2008இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாக ஆனபோது விசியோ அந்தத் தரத்துக்குள் வரவில்லை, ஆனாலும் பொட்டலம் கட்டும் முறை ஒன்றுதான். கோப்பின் பெயரில் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றி விரித்தால் உள்ளே அடைவுகளும் எக்ஸ்எம்எல் கோப்புகளும் வரிசையாகக் கிடக்கும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இருக்கும். ஏரேட்டர் ஓடும் சத்தம் மட்டும். பேஜ்1 என்ற எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்தேன். முதலில் ஷேப்ஸ். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு எண். ஏரேஷன் டேங்க் 12, கிளாரிஃபையர் 15. பின்எக்ஸ், பின்ஒய் என்று அவற்றின் இடம், அங்குலக் கணக்கில், தாளின் கீழ் இடது மூலையிலிருந்து அளந்தது. மற்ற மென்பொருள்களில் பெரும்பாலும் மேல் இடது மூலையிலிருந்துதான் அளப்பார்கள். இங்கே பள்ளிக்கூடத்து வரைபடத்தாள் மாதிரி கீழேயிருந்து. இப்படியே உருட்டிக்கொண்டு போனால் ஷேப்ஸ் எல்லாம் முடிந்து, கோப்பின் கடைசியில் கனெக்ட்ஸ் என்று ஒரு பகுதி. ஒட்டுகளின் பட்டியல். வரி வரியாக இருந்தது. 37ஆம் கோட்டின் ஆரம்ப முனை 9ஆம் பெட்டியோடு, 37ஆம் கோட்டின் இறுதி முனை 12ஆம் பெட்டியோடு. அடுத்து 38. அடுத்து 39. டிராவில் நான் தேடிக் கிடைக்காதது எல்லாம் இங்கே பத்திரமாக, தெளிவாக, மனிதர் படிக்கும்படி எழுதி வைத்திருந்தது.

தொலையவே இல்லையா என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியோடு அதே மூலக் கோப்பை டிரா.ஐஓ என்ற இன்னொரு இலவசப் பட மென்பொருளில் இறக்கிப் பார்த்தேன். அது இந்த ஒட்டுப் பட்டியலைப் படித்து, தன் கோப்பில் ஒவ்வொரு கோட்டுக்கும் சோர்ஸ், டார்கெட் என்று எழுதிக்கொள்கிறது. ஏரேஷன் டேங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன். கோடுகள் எல்லாம் கூடவே எழுந்து வந்தன. ஒன்றைத் தவிர.

ரிட்டர்ன் ஸ்லட்ஜ் கோடு அசையவில்லை. ஏரேஷன் டேங்க் நகர்ந்து போன வெற்றிடத்தைக் குத்திக்கொண்டு அதன் அம்பு நின்றது. ஆயிரம் கோழிக்குஞ்சு தாயோடு ஓடும்போது ஒன்று மட்டும் நின்ற இடத்தில் நிற்பது போல் அவ்வளவு பளிச்சென்று தெரிந்தது. மறுபடியும் எக்ஸ்எம்எல்லுக்குப் போய் அந்தக் கோட்டின் எண்ணைத் தேடினேன். கனெக்ட்ஸ் பட்டியலில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஆரம்ப முனை, கிளாரிஃபையரோடு. இறுதி முனைக்கு வரியே இல்லை. மூலப் படத்தை வரைந்தவர் கோட்டை ஏரேஷன் டேங்கின் விளிம்பு வரைக்கும் இழுத்து வந்து, தொடுகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒட்டவில்லை. பார்ப்பதற்குத் தொடுகிறது, அவ்வளவுதான்.

மறுநாள் ஆலோசனை நிறுவனத்தில் இந்தப் படத்தைக் கவனிக்கும் பொறியாளர் பெண்ணுக்குப் போன் செய்தேன். சண்டை போடவில்லை. "மேடம், உங்க விசியோவுல அந்த ஃபைலைத் திறந்து ஏரேஷன் டேங்கைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்க" என்றேன். மறுமுனையில் மவுஸ் சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. "சார், ரிட்டர்ன் லைன் வரலை சார்" என்றார். அந்தப் படம் அவருக்கு முன்னால் இருந்தவர் போட்டது, அதற்கும் முன்னால் வேறொரு நிலையத்துக்காகப் போட்ட படத்திலிருந்து எடுத்தது. எத்தனை கை மாறி வந்திருக்கிறது, எந்தக் கையில் அந்த முனை விட்டுப்போனது என்று அவருக்கும் தெரியவில்லை.

நான் இரண்டு வருடமாக மென்று கொண்டிருப்பது இந்த இடத்தைத்தான். பிழை டிரா செய்தது கிடையாது, விசியோ செய்ததும் கிடையாது. அது முதலிலிருந்தே படத்தில் இருந்தது. ஆனால் ஒட்டுகள் உயிரோடு வந்திருந்தால், டேங்கை இழுத்த அந்த நிமிடமே நாற்பது கோடு கூட வர ஒன்று பின்தங்கியிருக்கும், நான் பார்த்திருப்பேன். எல்லாக் கோடும் செத்துப்போய் வந்ததால் முன்பே செத்திருந்த கோடு எதுவென்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போனது. கோப்பு மாறும்போது எதை இழக்கிறோம் என்று கேட்டால் எல்லோரும் எழுத்துரு, நிறம், நிழல் என்பார்கள். அதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இழப்பு, யாராவது ஒருத்தர் பார்த்துச் சரிசெய்துவிடுவார். தப்பைக் காட்டிக் கொடுக்கிற தன்மை போய்விட்டால் அது போனதே தெரியாது.

லைசென்ஸ், பிடிஎஃப், வேலை ஆணை

மேனேஜர் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப ஒரு லைசென்ஸ் வாங்கிடலாமா?" என்றார். பணம் ஒரு பெரிய தடை இல்லை, எங்கள் மின்சாரச் செலவுக்கு முன்னால் அது தூசு. ஆனால் ஒரு கம்ப்யூட்டரில் வாங்கிப் போட்டால் படம் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் போய்விடும். அதைத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போனால் மறுபடியும் பிடிஎஃப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தொட்டி கான்கிரீட்டால் கட்டியது, முப்பது வருடம் நிற்கும். அதன் படமும் அவ்வளவு நாள் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டாமா? "பிடிஎஃப் இருந்தா போதாதுங்களா?" என்று ஸ்டோர்ஸில் ஒருவர் கேட்டார். பிடிஎஃப் என்பது ஆளின் போட்டோ. போட்டோவை வைத்து ஆளை அடையாளம் காணலாம், அவரிடம் வேலை வாங்க முடியாது.

லைசென்ஸ் வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. வரைகிறவர் எதில் வசதியோ அதில் வரையட்டும். நான் கேட்டது வேறு. இனிமேல் கொடுக்கும் வேலை ஆணையில் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்றேன். படத்தின் மூலக் கோப்பைத் திருத்தக்கூடிய நிலையில், விலையில்லாமல் கிடைக்கும் மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவத்திலும் தர வேண்டும். படத்தின் எல்லாக் குழாய்க் கோடுகளும் இரண்டு முனையிலும் கருவியோடு ஒட்டியிருக்க வேண்டும். மத்திய அரசே 2010 நவம்பரில் மின்னாளுகைக்குத் திறந்த தரங்கள் வேண்டும் என்று கொள்கை வகுத்திருக்கிறது, நாம் கேட்பதில் ஒன்றும் புதுமை இல்லை என்றும் சொன்னேன். முதல் வரிக்கு உடனே தலையாட்டினார். இரண்டாவது வரியை இரண்டு முறை படித்துவிட்டு, "இதை எப்படிப்பா செக் பண்ணுவே?" என்று கேட்டார்.

அதற்கு ஒரு சின்னப் பைதான் நிரல் எழுதினேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஜிப்பை விரிக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்தின் கனெக்ட்ஸ் பகுதியையும் படிக்க வேண்டும், ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு வரி இருக்கிறதா என்று எண்ண வேண்டும். இல்லாத கோடுகளின் பெயரை அச்சிட வேண்டும். கூடவே எதிலிருந்து எதற்கு என்று ஒரு பட்டியலும் வரும். டிரா.ஐஓ கோப்பிலிருந்தும் அதே மாதிரி ஒரு பட்டியல் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், கோப்பு மாறும்போது எந்தக் கோடு அறுந்தது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். டிரா.ஐஓவில் கோப்பைச் சுருக்காமல் சேமிக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், அப்போதுதான் போன மாதப் படத்துக்கும் இந்த மாதப் படத்துக்கும் வித்தியாசத்தை வரி வரியாகப் பார்க்க முடியும். எங்களுடைய முதன்மைக் கோப்பு இப்போது அதுதான். வெளியிலிருந்து வரும் விஎஸ்டிஎக்ஸ் எல்லாம் இந்தப் பரிசோதனையைத் தாண்டித்தான் உள்ளே வருகிறது. பழைய படத்தை முதன்முறை இதில் ஓட்டியபோது அந்த ரிட்டர்ன் ஸ்லட்ஜ் முனை மட்டும் சிக்கவில்லை, இன்னும் ஆறு ஒட்டாத முனைகள் வந்தன. ஆறும் பார்வைக்குக் கச்சிதமாகத் தொட்டுக்கொண்டிருந்தவை.

புதுப் படம் அச்சாகி வந்ததும் பழையதைக் கழற்றப் போனேன். அண்ணன் விடவில்லை. "இது இருக்கட்டுமுங்க தம்பி. மார்க்கர் கோட்டைக் காட்டித்தான் பசங்களுக்கு ரிட்டர்ன் லைன் எதுக்குன்னு சொல்லிக் குடுக்கறேன். அடிச்சு எழுதுனதுன்னா மனசுல நிக்குது" என்றார். அதனால்தான் சுவரில் இரண்டு படம்.

போன மாதம், சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. பகுதியில் ஒரு ஸ்டேஜ் கூட்டியதற்குப் படம் வந்தது. அதே பொறியாளர் பெண்தான் அனுப்பியிருந்தார். நிரலை ஓட்டினேன், ஒட்டாத முனை ஒன்றுகூட இல்லை. மனது நிறைந்துபோய் அவருக்கு நன்றி சொல்லி ஒரு வரி அனுப்பிவிட்டு, அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீர் நுழையும் இடத்தில் விரலை வைத்து ஒவ்வொரு கோடாக நகர்த்திக்கொண்டே வந்தார். நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே டிக் அடித்தேன். ஆர்.ஓ. ரிஜெக்ட், அதாவது அங்கே கழியும் உப்புநீர், அதை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்குப் போகும் கோட்டில் விரல் நின்றது.

"எல்லாம் சரிங்க தம்பி. இந்த வால்வுதான், போன வாரமே கழட்டி அந்தப் பக்கம் மாத்திட்டமே, உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, வால்வைப் பார்க்க அவரோடு கீழே இறங்கிப் போனேன்.